மாதம் 12,400 ஹிட்ஸ் வருகிறதாம், ஆர்டர் ஒன்பதுதான். இந்தக் கணக்கை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

முந்திரிக்கடை_கடலூர் · ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு முந்திரிக் கடை. பருப்பு பண்ருட்டிப் பக்கமிருந்து வரும், தரம் பிரித்துப் பாக்கெட் போடுவது வீட்டிலேயே. மூன்று வருடத்துக்கு முன்னால் வெப்சைட் ஒன்று போட்டோம். போட்டுக் கொடுத்தவர் மாதா மாதம் ஒரு தாள் அனுப்புவார். போன மாதத் தாளில் "12,400 ஹிட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதே மாதம் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொன்னவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் என் நாத்தனார்.

பன்னிரண்டாயிரம் பேர் கடை வாசலுக்கு வந்திருந்தால் டிராஃபிக் போலீஸ் வந்திருப்பார். இப்போது அவர், பொங்கலுக்குள் டிராஃபிக்கை இரண்டு மடங்காக்கித் தருகிறேன், மாதம் 8,000 ரூபாய் கொடுங்கள் என்கிறார். பணத்தைக் கொடுப்பதற்கு முன் இந்த எண் என்ன சொல்கிறது என்று எனக்கே தெரிய வேண்டும். நான் பி.காம். படித்தவள், கணக்கென்றால் பயமில்லை. இந்த வார்த்தைகள்தான் பிடிபடவில்லை.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · ஞாயிறு, இரவு 9:40

அக்கா, ஹிட்ஸ் என்பது ஆள் கணக்கே இல்லை. உங்கள் பக்கத்தை ஒருவர் திறந்தால் பிரவுசர் சர்வரிடம் ஒவ்வொரு கோப்பாகக் கேட்கும். பக்கம் ஒன்று, லோகோ ஒன்று, படம் ஒவ்வொன்றும் ஒன்று, எழுத்துரு ஒன்று. கேட்ட ஒவ்வொன்றும் ஒரு ஹிட். உங்கள் முதல் பக்கத்தில் எத்தனை படம் இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்களேன்.

முந்திரிக்கடை_கடலூர் · ஞாயிறு, இரவு 9:58

எண்ணினேன். 38. தோப்பு, பூ, பழம், கொட்டை, வறுப்பது, உடைப்பது என்று எல்லாம் போட்டிருக்கிறோம்.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · ஞாயிறு, இரவு 10:05

38 படம், மற்ற கோப்புகள் ஒரு பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு முறை திறந்தாலே 50 ஹிட்ஸ். 12,400ஐ 50ஆல் வகுத்தால் 248. இது குத்துமதிப்புதான், இரண்டாவது முறை வருபவரின் பிரவுசர் படங்களைத் தன்னிடமே வைத்திருக்கும், திரும்பக் கேட்காது. ஆனாலும் உண்மை அந்தப் பக்கம்தான் இருக்கும்.

ஹோஸ்டிங்கில் சிபேனல் (தளத்தை நிர்வகிக்கும் பக்கம்) இருந்தால் உள்ளே போய் 'ஏடபிள்யூஸ்டாட்ஸ்' என்று தேடுங்கள். தளத்தில் எந்தக் கோடும் (கணக்கெடுக்கும் நிரல் துண்டு) ஒட்டாமலே சர்வரின் பதிவேட்டை வைத்து அது கணக்குப் போட்டிருக்கும். மேலே வரிசையாக யூனிக் விசிட்டர்ஸ் (தனித்தனி ஆள்), விசிட்ஸ் (வருகை), பேஜஸ் (திறந்த பக்கம்), ஹிட்ஸ், பேண்ட்வித் (அனுப்பிய தகவலின் அளவு) என்று ஐந்து கட்டம் இருக்கும். ஹிட்ஸை விட்டுவிட்டு அதற்கு இடது பக்கம் இருக்கும் மூன்றையும் சொல்லுங்கள்.

முந்திரிக்கடை_கடலூர் · ஞாயிறு, இரவு 10:31

கிடைத்தது. யூனிக் 190, விசிட்ஸ் 260, பேஜஸ் 610.

சிரிப்புதான் வருகிறது. எங்கள் தொழிலில் 240 நம்பர் பருப்பு என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 454 கிராமுக்கு, 240 முழுப்பருப்புக்கு மேல் நிற்கக் கூடாது. 320 நம்பர் என்றால் இன்னும் பொடி. எண் பெரிதாக ஆக பருப்பு சின்னது. ஹிட்ஸும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது.

தேவனாம்பட்டினம்_அலை · திங்கள், காலை 7:20

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசம். அவர்கள் தரும் நிரல் துண்டைத் தளத்தில் ஒட்டினால் முடிந்தது, ஐந்து நிமிட வேலை.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · திங்கள், காலை 8:02

ஒட்டுவது ஐந்து நிமிடம்தான் அண்ணே. ஒட்டிவிட்டு மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்துத் தலை சுற்றுபவர்களைத்தான் நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

அக்கா, ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: இந்தக் கணக்கைப் பார்த்து நீங்கள் எதை முடிவு செய்யப் போகிறீர்கள்? 'டிராஃபிக் தெரிய வேண்டும்' என்பது பதில் ஆகாது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கடை போடுபவரிடம் எத்தனை பேர் நடந்து போனார்கள் என்று கேட்டால் முறைப்பார். எத்தனை பேர் நின்று விலை கேட்டார்கள், எந்த விலையைக் கேட்டதும் நகர்ந்தார்கள் என்று கேளுங்கள், அரை மணி நேரம் சொல்லுவார்.

முந்திரிக்கடை_கடலூர் · திங்கள், மதியம் 2:15

எழுதிவிட்டேன். எனக்கு மூன்று கேள்விதான்.

வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள்? வாட்ஸ்அப் பட்டனை அழுத்துகிறவர்கள் எத்தனை பேர்? அழுத்தாமல் போகிறவர்கள் எந்தப் பக்கத்தோடு போய்விடுகிறார்கள்?

லாஸ்பேட்டை_லினக்ஸ் · திங்கள், இரவு 8:47

இதைவிட நல்ல கேள்வியைக் கம்பெனி மீட்டிங்கில்கூட நான் கேட்டதில்லை. முதல் கேள்விக்கு சர்ச் கன்சோல், மற்ற இரண்டுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ். இரண்டும் இலவசம், ஆனால் வேறு வேறு பொருள். சர்ச் கன்சோல் கூகுள் தேடலில் நடப்பதைச் சொல்லும், அதாவது உங்கள் வாசலுக்கு வெளியே நடப்பது. அனலிட்டிக்ஸ் வாசலுக்குள் நடப்பது. இரண்டின் எண்களும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவில்லையே என்று ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அனலிட்டிக்ஸ் கணக்குத் திறக்கும்போது நேர மண்டலம் கேட்கும். இந்தியா என்று மாற்றுங்கள், ரூபாய் என்று மாற்றுங்கள். அமெரிக்க பசிபிக் நேரத்தில் விட்டுவிட்டால் உங்கள் 'ஒரு நாள்' மதியம் பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்கும். காலை ஆர்டர் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும். நான் ஒரு ஜவுளிக்கடைக்கு இந்தத் தப்பைச் செய்து, ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் மோசம் என்று அறிக்கை கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு 'டேட்டா ரிடென்ஷன்' என்ற இடத்தில், அதாவது தகவலை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில், இரண்டு மாதம் என்று இருக்கும், அதை 14 மாதம் ஆக்குங்கள். சாதாரண அறிக்கைகளுக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் 'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் போன பொங்கலையும் இந்தப் பொங்கலையும் வைத்துக் குடைந்து பார்க்க இது வேண்டும். இப்போதே மாற்றுங்கள், அழிந்துபோன தகவல் திரும்ப வராது.

கடைசியாக 'ஜி' எழுத்தில் தொடங்கும் ஒரு அடையாள எண் கொடுப்பார்கள். உங்கள் தளம் வேர்ட்பிரஸில் செய்தது என்றால் கூகுளின் 'சைட் கிட்' என்ற பிளக்இன் (கூடுதல் வசதி) போட்டு இணைத்துவிடுங்கள்.

திருப்பாப்புலியூர்_தம்பி · திங்கள், இரவு 9:30

நான் காலேஜ் இறுதியாண்டு. யூடியூபில் பார்த்துக் கற்க முயன்றேன், வீடியோவில் காட்டும் மெனு எதுவும் என் திரையில் இல்லை. நான்தான் மக்கு என்று நினைத்தேன்.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · திங்கள், இரவு 9:41

மக்கு இல்லை தம்பி, வீடியோ பழசு. முன்பு இருந்த 'யுனிவர்சல் அனலிட்டிக்ஸ்' 2023 ஜூலை 1ஆம் தேதியோடு புதுக் கணக்கு எடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது ஜிஏ4, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸ் 4. பழையதில் இருந்த 'கோல்ஸ்' என்று யாராவது பாடம் எடுத்தால் மூடிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போ. இதில்கூட 'கன்வெர்ஷன்' என்று இருந்ததை 2024இல் 'கீ ஈவன்ட்' (நாம் முக்கியம் என்று குறிக்கும் செயல்) என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

வெள்ளைநகர_வீடு · செவ்வாய், காலை 10:10

புதுச்சேரியில் நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். முந்திரிக்கடைக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது, ஆனால் என் மாதிரி ஆட்கள் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

என் விருந்தினர்களில் பாதிப் பேர் பிரான்சிலிருந்து வருகிறவர்கள். போன வருடம் லியோனிலிருந்து ஒரு அம்மா, "உங்கள் தளம் குக்கி போடுகிறது, என் அனுமதியைக் கேட்கவில்லையே" என்று நயமாக மின்னஞ்சல் எழுதினார். குக்கி என்பது வருகிறவரை அடையாளம் காண அவர் பிரவுசரில் தளம் வைக்கும் சின்னக் குறிப்பு. அதன் பிறகுதான் படித்தேன். பிரான்சில் தனிநபர் தகவலைக் கண்காணிக்கும் சிஎன்ஐஎல் என்ற அமைப்பு, 2022 பிப்ரவரியில் ஒரு இணையதளம் கூகுள் அனலிட்டிக்ஸைப் பயன்படுத்திய விதம் ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லியிருக்கிறது. தகவல் அமெரிக்கா போகிறது என்பது அவர்கள் பிரச்சினை. அதற்குப் பிறகு 2023 ஜூலையில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புது ஏற்பாடு செய்துகொண்டன. எனக்கு எதற்கு வம்பு என்று, இதே மாதிரி கணக்கெடுக்கும் மாட்டோமோ என்ற மென்பொருளை என் ஹோஸ்டிங்கிலேயே நிறுவிக்கொண்டேன். முன்பு அதன் பெயர் பிவிக். தகவல் என் சர்வரை விட்டு வெளியே போவதில்லை.

இன்னொன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் புக்கிங் படிவம் நிரப்பியவர் பெயரையும் போன் நம்பரையும் அடுத்த பக்கத்தின் முகவரி வரியிலேயே ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. அனலிட்டிக்ஸ் அறிக்கையில் 'பக்கங்கள்' பட்டியலைத் திறந்தால் வரிசையாக விருந்தினர்களின் போன் நம்பர்! நமக்கும் 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் படிவத்தை ஒரு முறை நீங்களே நிரப்பி, அடுத்த பக்கத்தின் முகவரி வரியைப் பாருங்கள்.

முந்திரிக்கடை_கடலூர் · அடுத்த திங்கள், இரவு 9:05

ஒரு வாரம் ஓடிவிட்டது. கோடு போட்டாயிற்று. 'எங்கேஜ்மென்ட் ரேட்' 97 சதவீதம் காட்டுகிறது! நல்ல விஷயம்தானே?

லாஸ்பேட்டை_லினக்ஸ் · அடுத்த திங்கள், இரவு 9:20

அக்கா, இனிப்பை வைத்துக்கொண்டு இருங்கள், இன்னும் வாயில் போட வேண்டாம்.

ஒரு வருகை 'எங்கேஜ்டு' ஆக மூன்றில் ஒன்று நடந்தால் போதும்: பத்து விநாடிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமாவது பார்க்க வேண்டும், அல்லது நாம் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்ய வேண்டும். 97 என்பது நம்ப முடியாத எண். கோடு இரண்டு இடத்தில் இருக்கிறதா பாருங்கள். வெப்சைட் போட்டுக் கொடுத்த ஆள் தீமிலேயே (தளத்தின் வடிவமைப்புக் கோப்பில்) ஏதாவது ஒட்டி வைத்திருக்கலாம்.

முந்திரிக்கடை_கடலூர் · அடுத்த திங்கள், இரவு 10:50

இருந்தது! பக்கத்தின் மூல நிரலைத் திறந்து அந்த ஜி எண்ணைத் தேடினால், முழுக் கோடும் இரண்டு தடவை ஒட்டியிருக்கிறது. போன வாரம் பிளக்இன் போடுவதற்கு முன் அவரிடமும் எண்ணைக் கொடுத்திருந்தேன், அவரும் தன் பங்குக்கு ஒட்டிவிட்டார்.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · அடுத்த திங்கள், இரவு 10:58

அதுதான். ஒருவர் ஒரு பக்கம் திறந்தாலும் இரண்டு பக்கம் பார்த்ததாகப் பதிவாகும், உடனே 'எங்கேஜ்டு' ஆகிவிடும். ஒன்றை எடுங்கள். இதுவரை சேர்ந்த கணக்கைத் திருத்த முடியாது, அந்த வாரத்தை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, வீட்டில் எத்தனை பேர் அந்தத் தளத்தைத் தினமும் திறக்கிறீர்கள்?

முந்திரிக்கடை_கடலூர் · அடுத்த திங்கள், இரவு 11:04

நான், வீட்டுக்காரர், பாக்கெட் போடும் இரண்டு பெண்கள். விலை மாறினால் அதைப் பார்த்துத்தான் சொல்லுவார்கள்.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · செவ்வாய், காலை 7:50

மாதம் 260 வருகையில் நீங்கள் நால்வர் தினமும் ஒரு முறை திறந்தால் எவ்வளவு? நூறைத் தாண்டும். பெரிய தளங்களுக்கு இது தூசு, உங்களுக்கு இது கணக்கையே கவிழ்த்துவிடும்.

கடை பிராட்பேண்டின் ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குரிய எண்) 'இன்டர்னல் டிராஃபிக்', அதாவது நம் ஆள்களின் வருகை, என்று குறித்து வடிகட்டலாம். ஆனால் அந்த வடிகட்டி தொடக்கத்தில் 'டெஸ்டிங்' நிலையில் இருக்கும், நீங்கள்தான் 'ஆக்டிவ்' ஆக்க வேண்டும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வீட்டு இணைப்பில் ஐபி அடிக்கடி மாறும், மொபைல் டேட்டாவில் சொல்லவே வேண்டாம். அதனால் எளிய வழி: விலைப்பட்டியலைத் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

தேவனாம்பட்டினம்_அலை · செவ்வாய், காலை 8:15

டிஜிட்டல் உலகத்துக்குத் தீர்வு பசையும் தாளும். பிரமாதம்.

முந்திரிக்கடை_கடலூர் · வியாழன், மாலை 6:30

ஒட்டிவிட்டேன். இன்னொரு சந்தேகம். ஊர் வாரியாகப் பார்த்தால் சென்னை, சென்னை, சென்னை. கடலூர் இரண்டே பேர். ஆனால் போன வாரம் ஆர்டர் கொடுத்த ஏழு பேரில் நான்கு பேர் நெல்லிக்குப்பம், சிதம்பரம், நெய்வேலி, பாகூர். விளம்பரம் கொடுத்தால் சென்னைக்குத்தான் கொடுக்க வேண்டுமா?

வெள்ளைநகர_வீடு · வியாழன், இரவு 8:00

வேண்டாங்க. ஐபி முகவரியை வைத்துத்தான் ஊரை ஊகிக்கிறார்கள். மொபைல் டேட்டாவில் வருகிறவருக்கு நெட்வொர்க் கம்பெனியின் பெரிய நிலையம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் விழும். நான் புதுச்சேரியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து என் தளத்தைத் திறந்தால் சென்னை என்கிறது. நாடு வரை நம்பலாம், ஊரை நம்பிக் காசை இறக்காதீர்கள். பார்சல் போகும் பின்கோடை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அதுதான் நிஜம்.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · வியாழன், இரவு 8:25

சரியாகச் சொன்னார். இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். உங்கள் வாட்ஸ்அப் பட்டன் வெளித்தளத்துக்குப் போகும் லிங்க். 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால் வெளி லிங்க் அழுத்துவதை ஜிஏ4 தானாகவே 'கிளிக்' என்று பதிவு செய்யும். அதில் வாட்ஸ்அப் முகவரிக்குப் போனதை மட்டும் பிரித்து, 'வாட்ஸ்அப் விசாரணை' என்று புது ஈவன்டாக (பதிவாகும் செயலாக) உருவாக்கி, கீ ஈவன்ட் என்று குறித்துவிடுங்கள். போன் நம்பர் லிங்க் அப்படித் தானாகப் பதிவாகாது, அதற்கு டேக் மேனேஜர் என்ற இன்னொரு கூகுள் கருவி வேண்டும். இப்போதைக்கு வாட்ஸ்அப் போதும்.

அப்புறம், ஸ்டேட்டஸில் போடும் லிங்க், பார்சல் பெட்டியில் ஒட்டும் க்யூஆர் இரண்டுக்கும் தனித்தனி 'யூடிஎம்' வால், அதாவது எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் ஒட்டு, முகவரியின் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் 'டைரக்ட்' (எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்கள்) என்ற குப்பைக்கூடையில் விழுவார்கள். ஒரு முறை பெரிய எழுத்திலும் மறுமுறை சின்ன எழுத்திலும் எழுதினால் இரண்டாகப் பிரித்துக் காட்டும், எப்போதும் சின்ன எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடிஎம்மில் இருக்கும் 'யூ' எது தெரியுமா? அர்ச்சின். கூகுள் 2005இல் வாங்கிய கம்பெனி, அதுதான் அனலிட்டிக்ஸ் ஆனது. பெயர் போய்விட்டது, வால் மட்டும் இன்னும் ஆடுகிறது.

திருப்பாப்புலியூர்_தம்பி · வியாழன், இரவு 9:10

அக்கா, போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

முந்திரிக்கடை_கடலூர் · வியாழன், இரவு 9:22

அந்தத் தப்பை மட்டும் நான் செய்ய மாட்டேன் தம்பி, இது எங்கள் தொழில். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. நவம்பரையும் நவம்பரையும் வைத்துப் பார்த்தால் வியாபாரம் படுத்துவிட்டதாகத்தான் தெரியும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தை அதே மூன்று வாரத்தோடு பார்க்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வேறு. கரண்டும் இல்லை, கடையும் இல்லை. அந்த நாள்களை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை_லினக்ஸ் · வியாழன், இரவு 9:30

நான் சொல்லித்தர ஒன்றுமில்லை போலிருக்கிறது.

முந்திரிக்கடை_கடலூர் · மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8:40

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்ச் கன்சோலில் தேடல் வார்த்தைகளைப் பார்த்தேன். நான் நினைத்தது 'தரமான முந்திரி', 'பண்ருட்டி முந்திரி' என்று வரும் என்று. வந்ததில் முக்கால்வாசி விலை. 'முந்திரி 1 கிலோ விலை', 'முந்திரி விலை இன்று', பிறகு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடியவை. பண்ருட்டியை ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டுத் தேடுகிறவர்கள் ஒரு வரிசை, இரண்டு 'டி' போட்டுத் தேடுகிறவர்கள் இன்னொரு வரிசை.

அதில் எந்த வார்த்தைக்கு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்தால் விலைக் கேள்விக்கெல்லாம் ஒரே பக்கம்: 'தீபாவளி விலைப்பட்டியல் 2023'. நாங்கள் போட்டு மறந்தே போன பக்கம். இன்றைய விலை அதைவிடக் கிலோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கூடுதல். கூகுளிலிருந்து வருகிறவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தில்தான் வந்து இறங்குகிறார்கள்.

எனக்குப் பொறி தட்டியது. ஒரு வருடமாகப் போனில் வருகிறவர்கள் "நெட்டில் ஒரு விலை, வாயில் ஒரு விலையா?" என்று சண்டை போடுவார்கள். வேறு கடையின் விலையைச் சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் பதிலுக்குப் பேசியிருக்கிறேன். எங்கள் விலையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் பாவம்.

பக்கத்தை அழிக்கப் போனேன், கூகுள் காட்டிக்கொண்டிருக்கும் முகவரியை ஏன் இழக்கிறீர்கள் என்று வெள்ளைநகர_வீடு தனிச்செய்தியில் தடுத்தார். அதே முகவரியில் தலைப்பை 'இன்றைய முந்திரி விலை' என்று மாற்றி, 210, 240, 320 நம்பர், இரண்டாகப் பிளந்தது, உடைசல் எல்லாவற்றுக்கும் இன்றைய விலையும் தேதியும் போட்டு, கூரியர் கட்டணத்தையும் அங்கேயே எழுதினேன். முன்பு கூரியர் கட்டணம் தனிப் பக்கம், மூன்றாவது கேள்விக்குப் பதிலும் அந்தப் பக்கம்தான். அதைத் திறந்தவர்களில் யாருமே வாட்ஸ்அப் பட்டனை அழுத்தவில்லை. பார்த்தால் அந்தப் பக்கத்தில் பட்டனே இல்லை!

இந்த மூன்று வாரத்தில் வாட்ஸ்அப் விசாரணை 41, ஆர்டர் 17. நாத்தனாரைச் சேர்க்கவில்லை.

வெள்ளைநகர_வீடு · சனி, இரவு 9:00

17க்கு வாழ்த்துகள். எனக்கு 240இல் இரண்டு கிலோ, பணம் கட்டித்தான்.

தேவனாம்பட்டினம்_அலை · சனி, இரவு 9:14

ஐந்து நிமிட வேலை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்த 8,000 ரூபாய்க்காரர் என்ன சொன்னார்?

முந்திரிக்கடை_கடலூர் · சனி, இரவு 9:33

பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று முதல் பக்கத்தில் இருந்த 38 படத்தை ஒன்பதாகக் குறைத்தேன். நேற்றுக் காலையில் போன் போட்டார், குரலே நடுங்குகிறது. "மேடம், என்ன செய்தீர்கள்? ஹிட்ஸ் பாதிக்குக் கீழே விழுந்துவிட்டதே!"

பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறேன் சார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.